ஹாம்ஸ்டருக்கு அன்பு மட்டும் போதாது

மும்பை போன்ற நகரில் நாய் வளர்ப்பது எல்லோருக்கும் இயலும் காரியம் அல்ல. ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில் மனிதர் நடமாடவே இடம் போதாது. வீட்டுச் சொந்தக்காரரின் மறுப்பு ஒருபுறம். அக்கம்பக்கத்தாரின் முணுமுணுப்பு மறுபுறம். குழந்தைகளோ விடுவதில்லை. ஏதாவது ஒரு பிராணி வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். இதற்கு இடையே அகப்பட்ட பெற்றோர் செய்துகொண்ட சமரசம்தான் ஹாம்ஸ்டர். அது உள்ளங்கையில் அடங்கும். குரைக்காது. வெளியே அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. நாயின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை அற்பம். தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் முலுண்டிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் மாடிக் கட்டடங்களுக்குள் இந்தச் சிறு பிராணி நுழைந்திருப்பது இதனால்தான்.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை உயிர் வாழக்கூடிய பிராணி இது. ஆனால் வாங்கி வந்த சில வாரங்களிலேயே இறந்துபோனது என்ற பேச்சைக் கேட்பது அரிதல்ல. காரணம் கேட்டால், "நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம், என்னவோ தெரியவில்லை" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மனிதக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டார்கள். அதுவே வினையாகிவிட்டது. வீடுகளில் ஹாம்ஸ்டர் துன்பப்படுவது பெரும்பாலும் கொடுமையால் அல்ல. அறியாமையோடு சேர்ந்த அன்பினால்தான்.

எங்கிருந்து வந்தது?

ஹாம்ஸ்டர் என்றதும் சிலர் ஊர்ப்புறத்து வயல் வரப்பில் வளை தோண்டும் வெள்ளெலியை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. கடைகளில் பெரிய ஹாம்ஸ்டர் என்று விற்கப்படும் பொன்னிறப் பிராணியின் தாயகம் சிரியா நாடு. 1930-ஆம் ஆண்டில் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலில் மண்ணைத் தோண்டி, ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் அதன் குட்டிகளையும் பிடித்தார் இஸ்ரேல் அகரோனி என்ற விலங்கியல் அறிஞர். ஜெருசலேம் நகரின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் காலா அசார் நோயை ஆராய்ந்துகொண்டிருந்த சால் ஆட்லர் என்பவருக்குச் சோதனைக்காக அவை தேவைப்பட்டன. காலா அசார் இந்தியாவுக்குப் புதிய பெயர் அல்ல. அந்நோயின் கிருமியைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான டாக்டர் டோனவன், 1903-ல் சென்னையில் பணியாற்றியபோதுதான் அதைக் கண்டார்.

இன்று உலகெங்கும் கூண்டுகளில் வாழும் சிரியா ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அலெப்போவில் பிடிபட்ட அந்த ஒரே குடும்பத்தின் வழித்தோன்றல்கள். நாய் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்து பழகிய பிராணி. ஹாம்ஸ்டர் கூண்டுக்கு வந்து நூறு ஆண்டுகூட நிறையவில்லை. கூண்டு மாறியதே தவிர குணம் மாறவில்லை. அந்த வயலில் அது எப்படி வாழ்ந்தது? ஆழமாக வளை தோண்டியது. ஒரு வளைக்கு ஒன்றாகத் தனியே வாழ்ந்தது. பகலெல்லாம் மண்ணுக்குள் உறங்கி, வெயில் தாழ்ந்த பின் வெளியே வந்து, தானியத்தைக் கன்னப்பைகளில் அடைத்துக்கொண்டு போய்ச் சேமித்தது. வளர்ப்பு முறை என்று சொல்லப்படுவதெல்லாம் இந்த நான்கு குணங்களுக்கு இடம் கொடுப்பதுதான்.

ஜோடி என்னும் தவறு

"ஒன்று மட்டும் இருந்தால் பாவம், துணை வேண்டாமா?" இந்த இரக்கம்தான் முதல் தவறு. கடைக்காரரும் "ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அவருக்கு ஒன்றுக்கு இரண்டாக விற்பனை ஆகிறது. தனிமை மனிதனுக்குத் தண்டனை. சிரியா ஹாம்ஸ்டருக்கு அது இயல்பு. குட்டிகளாக இருக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டி உறங்கும் இவை, எட்டு வாரம், பத்து வாரம் ஆனதும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்வதில்லை. இரவில் வீட்டார் உறங்கும் நேரத்தில் சண்டை நடக்கிறது. காலையில் பார்த்தால் ஒன்று காயம்பட்டு மூலையில் ஒடுங்கியிருக்கிறது; அல்லது இறந்து கிடக்கிறது.

ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டால் வேறு தொல்லை. இதன் கர்ப்பகாலம் 16 நாள்தான். ஓர் ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள் பிறப்பது சாதாரணம். அந்தக் குட்டிகளை நான்கு வாரத்துக்குள் ஆண் வேறு, பெண் வேறாகப் பிரிக்காவிட்டால் விரைவிலேயே அவையும் பெருகத் தொடங்கும். புதிதாகப் பிறந்த குட்டிகளைப் பார்க்கும் ஆவலில் கூட்டைக் கலைத்தால், மிரண்டுபோன தாய் குட்டிகளையே தின்றுவிடுவதும் உண்டு. அதைக் காணும் குழந்தையின் மனம் என்ன பாடுபடும்?

குள்ள வகை ஹாம்ஸ்டர்களில் சில சேர்ந்து வாழக்கூடியவைதாம். ஆனால் அவற்றுக்குள்ளும் சண்டை மூள்வதுண்டு. சண்டை மூண்ட அன்றே பிரித்து வைக்க இரண்டாவது கூண்டு தயாராக இருக்க வேண்டும். ஆகவே புதிதாக வளர்க்க நினைப்பவர்களுக்கு விதி ஒன்றுதான்: ஒரு கூண்டு, ஒரு ஹாம்ஸ்டர்.

பகல் தூக்கமும் பல்லும்

பள்ளிவிட்டு வந்த குழந்தை பையை வீசிவிட்டு நேரே கூண்டுக்கு ஓடுகிறது. உறங்கும் பிராணியை வெளியே இழுக்கிறது. அது கடிக்கிறது. "பொல்லாத பிராணி" என்று பெயர் வாங்குகிறது. நள்ளிரவில் உலுக்கி எழுப்பினால் மனிதன் மட்டும் புன்னகை புரிவானா?

ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை குறைவு. மோப்பத்தாலும் செவியாலும்தான் அது உலகை அறிகிறது. மேலிருந்து திடீரென இறங்கும் கை, அதற்குப் பருந்தின் கால் போன்றது. அதன் கடி கோபம் அல்ல, அச்சம். புதிதாக வந்த பிராணியைச் சில நாள் தொடாமல் விட வேண்டும். பிறகு மாலை நேரத்தில், அது தானே விழித்து நடமாடும்போது, சோப்பு போட்டுக் கழுவிய கையை அதன் எதிரே வைத்து மோந்து பார்க்கவிட வேண்டும். ஒரு விதையை உள்ளங்கையில் வைத்தால் தானே ஏறி வரும். தூக்கும்போது இரு கைகளையும் குவித்து, தரையில் உட்கார்ந்தபடி தூக்க வேண்டும். உயரத்தை மதிக்கத் தெரியாத பிராணி அது. மேஜை விளிம்பிலிருந்து யோசியாமல் நடந்துவிடும். விழுந்தால் எலும்பு முறியும்.

கூண்டுக் கம்பியை ஓயாமல் கடிப்பதும், ஒரே மூலையில் திரும்பத் திரும்ப ஏற முயல்வதும் விளையாட்டு அல்ல. இடம் போதவில்லை என்ற முறையீடு. இரவெல்லாம் கிலோமீட்டர் கணக்கில் ஓடக்கூடிய பிராணியைச் செருப்புப் பெட்டி அளவுள்ள வண்ணக் கூண்டில் அடைத்தால் வேறு என்ன செய்யும்?

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள கூண்டு நல்லது. "மனிதருக்கே இடமில்லாத வீட்டில் மீட்டர் நீளக் கூண்டா? பிராணி வளர்ப்பது பணக்காரர்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் விலையுயர்ந்த கூண்டு தேவையில்லை. பாத்திரக் கடையில் கிடைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை வெட்டிக் கம்பி வலை பொருத்தினால் காற்றோட்டமான கூண்டு தயார். கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் கீழ்த் தட்டிலோ அதை வைக்கலாம். அதற்கும் இடமில்லை என்றால், அந்த வீட்டில் ஹாம்ஸ்டருக்கும் இடமில்லை என்றுதான் கொள்ள வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடியாததை முடியாது என்று உணர்வதும் ஒருவகை ஜீவகாருண்யமே.

பெட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கிழித்த வெள்ளைக் காகிதம் போன்ற பொருளை நிரப்பினால் அது தோண்டி மகிழும். தச்சுப் பட்டறையிலிருந்து கொண்டுவரும் வாசனையுள்ள தேவதாரு, பைன் மரத்தூள் அதன் மூச்சுக்கு ஆகாது. மெத்தென்று இருக்கட்டும் என்று பஞ்சு வைப்பது இன்னொரு அன்புத் தவறு. பஞ்சின் இழை காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்தும். விழுங்கினால் குடலை அடைக்கும். ஓடுவதற்குச் சக்கரம் அவசியம். அது கம்பி இடைவெளி இல்லாமல் முழுத் தளமாக இருக்க வேண்டும். பெரிய வகைக்கு 20 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டம் வேண்டும். சிறிய சக்கரத்தில் ஓடும்போது முதுகு வளைந்து வலிக்கும்.

குளிப்பாட்டுவதும் கூடாது. தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி அது. தண்ணீரில் நனைத்தால் உடல் சூடு குறைந்து நோயில் விழும். தூசி பறக்காத உலர்ந்த மணலை ஒரு கிண்ணத்தில் வைத்தால் அதில் புரண்டு கொள்ளும். அதுவே அதன் ஸ்நானம்.

தீனியில் தாராளம் வேண்டாம்

ஹாம்ஸ்டருக்கு மிகவும் பிடித்தது சூரியகாந்தி விதை. பிடிக்கிறதே என்று அள்ளிப் போடுகிறார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த அந்த விதையையே தின்று கொழுத்த பிராணிக்கு ஆயுள் குறையும். நாளுக்கு இரண்டொன்று போதும். கடையில் விற்கும் ஹாம்ஸ்டர் தீவனத்தோடு கம்பு, தினை, கேழ்வரகு, ஓட்ஸ் ஆகியவற்றைச் சிறிது சேர்க்கலாம். வெள்ளரி, காரட் போன்றவற்றில் ஒரு சிறு துண்டு தரலாம். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாக்லேட், முறுக்கு, மிக்சர், இனிப்பு எதுவும் ஆகாது. குள்ள வகைகளில் சிலவற்றுக்கு நீரிழிவு வரும் இயல்பு உண்டு. அவற்றுக்குப் பழமும் அளவோடுதான் தர வேண்டும்.

வைத்த தீனி மாயமாய் மறைந்துவிட்டால் தின்று தீர்த்தது என்று எண்ணி மேலும் போட வேண்டாம். கன்னப்பையில் சுமந்து போய் மூலையில் பதுக்கியிருக்கும். தானியச் சேமிப்பை விட்டுவைக்கலாம். அழுகக்கூடிய காய்த்துண்டை மட்டும் அகற்ற வேண்டும். முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கொறிக்க வேப்பங்குச்சி போன்ற ஒன்று கிடக்கட்டும்.

நோயை மறைக்கும் பிராணி

பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகும் பிராணிகள் தங்கள் பலவீனத்தைக் காட்டிக்கொள்வதில்லை. வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே தினமும் மாலையில் ஒரு நிமிடம் கவனித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கண் தெளிவாக இருக்கிறதா? மயிர் படிந்திருக்கிறதா, சிலிர்த்து நிற்கிறதா? முதுகைக் குனித்து ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறதா? மூச்சில் சத்தம் உண்டா? வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத மெலிவையும் தராசு காட்டிக் கொடுக்கும்.

இளம் ஹாம்ஸ்டர்களுக்கு எமனாக வருவது 'வெட் டெயில்' எனப்படும் கடும் வயிற்றுப்போக்கு. வாலடி எப்போதும் ஈரமாகவும் நாற்றமாகவும் இருக்கும். தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கடையில் நெருக்கடியில் கிடந்து, புது வீட்டில் பல கைகளுக்கு மாறும் நாட்களில்தான் இது பெரும்பாலும் தாக்குகிறது. இரண்டே நாளில் உயிரைப் பறித்துவிடும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்கு இடமில்லை. அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தைக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருக்கிறது என்று ஹாம்ஸ்டருக்கு ஒரு சொட்டு ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் இதன் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, நஞ்சு உண்டாக்கும் கிருமிகளைப் பெருகவிடும். மனிதக் குழந்தையைக் காக்கும் மருந்தே இதைக் கொன்றுவிடும்.

வீணாக அஞ்ச வேண்டாதவையும் உண்டு. சிரியா ஹாம்ஸ்டரின் இடுப்பின் இருபுறமும் தெரியும் கருந்திட்டுகள் புண் அல்ல; வாசனைச் சுரப்பிகள். வளர்ந்த ஆணின் பின்புறத்தில் தெரியும் புடைப்பு பெரும்பாலும் கட்டி அல்ல; அதன் விதைப்பைகள். இதெல்லாம் தெரியாமல் மருந்து தடவி அதன் நிம்மதியைக் கெடுக்க வேண்டியதில்லை.

வீட்டாரின் நலனும் முக்கியம். தொட்ட பின் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். கொறிக்கும் பிராணிகள் மூலம் பரவக்கூடிய ஒருவகை வைரஸ் வயிற்றில் உள்ள சிசுவைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பிணிகள் கூண்டு சுத்தம் செய்யும் வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது.

மே மாதச் சோதனை

மும்பையில் இந்தப் பிராணிக்கு ஏற்படும் பெரிய சோதனை கோடையும் கோடை விடுமுறையும்தான். 20 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பமே அதற்கு இதமானது. ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில், ஜன்னல் கிராதியில் வெயில்பட வைத்த கூண்டு அடுப்பாகிவிடும். பிராணி கால்களைப் பரப்பிப் படுத்துத் துவண்டு மூச்சிரைத்தால் வெப்பம் தாக்கியிருக்கிறது என்று பொருள். உடனே நிழலான குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ஈரத் துணியால் மென்மையாக ஒற்றி, மருத்துவரை நாட வேண்டும். பனி நீரில் முக்கக் கூடாது. கூண்டுக்குள் ஒரு சிறிய மண் கலயத்தைக் கவிழ்த்து வாயில் செய்து வைத்தால், அதற்குள் அது ஒதுங்கிக்கொள்ளும். துணியில் சுற்றிய ஐஸ் பாட்டிலைக் கூண்டின் வெளிப்புறத்தில் ஒட்டி வைக்கலாம்.

அதே மாதத்தில்தான் குடும்பங்கள் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் ஏறுகின்றன. ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். ஹாம்ஸ்டர் எங்கே போகும்? ஓரிரவுக்கு மேல் நீளும் ரயில் பயணத்தின் வெக்கையும் இரைச்சலும் அதற்கு ஆகாது. நிறையத் தீனி வைத்துவிட்டுப் பூட்டிச் செல்வது கொலைக்குச் சமம். சிலர் "சுதந்திரமாக இருக்கட்டும்" என்று பூங்காவில் விட்டுவிடுகிறார்கள். அது சுதந்திரம் அல்ல. காக்கைக்கும் பூனைக்கும் வைக்கும் விருந்து. பொறுப்பான அண்டை வீட்டாரிடம் தீனியின் அளவையும் மருத்துவரின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்வியைப் பிராணியை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் இவ்வளவு சிறிய பிராணிக்குச் சிகிச்சை செய்வதில்லை. அத்தகையவர் யார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வைப்பது விவேகம்.

கடைக்காரர் கடமை

பழியெல்லாம் வாங்குபவர் மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த பிராணிக் கடை விதிகளில், வளர்ப்புப் பிராணிகளின் பட்டியலில் ஹாம்ஸ்டரின் பெயர் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளரும் வேண்டும். ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் குவித்து வைத்திருக்கும் கடையில், "பாவம், இதையாவது காப்பாற்றுவோம்" என்று வாங்குவது அந்த வியாபாரத்தை வளர்ப்பதாகவே முடியும். அங்கே வாங்காமல் திரும்புவதே சரியான இரக்கம். விற்கும்போது வளர்ப்பு முறையை ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுக்கக் கடைக்காரருக்கு எத்தனை செலவாகிவிடும்? தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அப்படி ஒரு தாள் கிடைக்குமானால் எத்தனையோ உயிர்கள் பிழைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோர் ஒன்றை உணர வேண்டும். ஹாம்ஸ்டர் குழந்தையின் பிராணி அல்ல; பெரியவர்களின் பொறுப்பு. ஏழு வயதுக் குழந்தை தீனி போட மறந்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. குழந்தை உதவி செய்யட்டும். கணக்குப் பார்க்க வேண்டியவர் பெரியவர். ஒரு ஹாம்ஸ்டர் இறந்தால், குழந்தை அழக்கூடாது என்று மறுநாளே அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி வைக்கும் வழக்கமும் நல்லதல்ல. உயிர் என்பது உடைந்தால் மாற்றிக்கொள்ளும் பொம்மை என்ற பாடத்தைத்தான் அது கற்பிக்கும். ஏன் இறந்தது, எதைத் தவறவிட்டோம் என்று குழந்தையோடு உட்கார்ந்து பேசுவதே மேல்.

தூரத்தில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்க இயலாத ஒரு சிறு பிராணிக்கு மனிதனின் மனதைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இல்லை. அதன் மனதைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் மனிதனுக்கு இருக்கிறது. அந்த ஆற்றலைப் பயன்படுத்த விருப்பமுள்ளவர்கள் மட்டும் கூண்டு வாங்கட்டும்.